மௌனத் திரையின் தொழிலாளி: பஸ்ரர் கீற்றனின் கலைவாழ்வும் திரைப்பட உற்பத்தி உறவுகளும்

1

கலைஞர் ஒருவரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விளக்க முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றை நாடுவர். கலைஞரது மேதைமையிலும் தனிப்பட்ட பலவீனங்களிலும் காரணத்தைத் தேடுவது ஒரு வழி. தொழில்நுட்ப மாற்றம் என்னும் ஊழ்போன்ற ஒன்றின் மீது பொறுப்பு முழுவதையும் சுமத்திவிடுவது மற்றைய வழி. முதலாவது, வரலாற்றைத் தனிமனிதனுள் அடக்கிவிடுகின்றது. இரண்டாவது, மனிதரிடையே நிலவும் உறவுகளைக் கருவிகளின் இயல்பாகக் காட்டிவிடுகின்றது. குறிப்பிட்ட ஒரு கலை எத்தகைய நிலைமைகளில், யாருடைய கட்டுப்பாட்டின் கீழ், எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்ட உழைப்பினால் உற்பத்தியாயிற்று என்னும் வினா இவ்விரு வழிகளிலும் எழுப்பப்படுவதில்லை.

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகரான பஸ்ரர் கீற்றன் (1895–1966) நெடுங்காலமாக இவ்விரு வகை விளக்கங்களுக்கும் ஆளாகி வந்தவர். 1920 ஆம் ஆண்டுக்கும் 1928 ஆம் ஆண்டுக்கும் இடையில் அவர் தமது குழுவினருடன் சேர்ந்து 19 குறும்படங்களையும் 10 முழுநீளப் படங்களையும் ஆக்கினார். அவற்றுட் சில இன்று உலகத் திரைப்படக் கலையின் பேறுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. ஆயின் 1933 இல் அவர் தாம் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிறருக்கு நகைச்சுவைத் துணுக்குகள் புனைந்து கொடுப்பவராகவும் மலிவான குறும்படங்களில் நடிப்பவராகவும் காலங்கழித்தார். 'பேசும் படம் வந்தது, மௌன நடிகர் வீழ்ந்தார்' என்பது ஒரு சாரார் விளக்கம். 'குடிப்பழக்கத்தால் அழிந்தார்' என்பது இன்னொரு சாரார் விளக்கம்.

சாப்ளின் மீது பிரெக்ற், பெஞ்சமின், ஐசன்ஸ்ரைன் முதலியோர் காட்டிய ஈடுபாடு நன்கறியப்பட்டது. கீற்றனைப் பொறுத்தவரையில் முற்போக்கு விமரிசனம் அத்துணை கவனஞ் செலுத்தியதாகக் கூறமுடியாது. அவருடைய படங்களில் வெளிப்படையான சமுதாய விமரிசனம் குறைவாயிருப்பது இதற்கொரு காரணமாகலாம். எனினும், கலை உழைப்புக்கும் மூலதனத்துக்குமிடையிலான உறவை ஆராய விரும்புவோர்க்கு அவரது கலைவாழ்வு போலத் தெளிவான சான்று வேறு அரிதென்றே கூறவேண்டும். அவ்வகையில் அவரது வாழ்வையும் படங்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கீற்றன் 1895 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 4 ஆந் திகதி கன்சாஸ் மாநிலத்திலுள்ள பிக்குவா என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தாய் மைரா, தந்தை ஜோ ஆகிய இருவரும் நாடோடிக் கலைஞர்கள். மருந்து விற்பதற்காக ஊரூராகச் சென்று ஆட்டபாட்டம் நிகழ்த்துங் குழுக்களோடு திரிந்து, பின்னர் வோடவில் எனப்படும் பல்சுவை மேடைக்கு வந்தவர்கள். சிறுவனான பஸ்ரரும் மிக இளவயதிலேயே மேடையேற்றப்பட்டார். 'மூன்று கீற்றன்கள்' என விளம்பரஞ் செய்யப்பட்ட அந்நிகழ்ச்சியில், தந்தை மகனை மேடையில் அங்குமிங்குமாகத் தூக்கியெறிவதே சிறப்பம்சமாக இருந்தது. எறிவதற்கு வசதியாகச் சிறுவனின் உடையில் ஒரு பெட்டிக் கைபிடி தைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து பாதுகாப்பதற்கென நியூ யோர்க்கில் இயங்கிய சங்கம் இக்குடும்பத்தினர் மீது பலமுறை நடவடிக்கை எடுத்தது. சில காலம் அந்நகர மேடைகள் அவர்களுக்கு மூடப்பட்டுமிருந்தன.

இதனைக் குழந்தை உழைப்பின் கொடுமையாகக் காண்பது தவறன்று. அதேவேளை, கீற்றன் தம் தொழிலைக் கற்ற முறை இதுவே என்பதும் மனங்கொளத்தக்கது. விழும்போது உடலை எவ்வாறு தளர்த்துவது, எக்கணத்தில் எக்காலை ஊன்றுவது, பார்வையாளரின் சிரிப்பு எந்த விநாடியில் உச்சமடையும் என்பனவெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கைவினை அறிவுபோன்று அவருக்கு வாய்த்தன. தாம் சிரிக்காதிருக்கும்போதே சபையோர் மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்பதையும் அவர் அச்சிறு வயதிலேயே கண்டுகொண்டார். 'கல்முகம்' என்று பின்னாளிற் புகழ்பெற்ற அந்த அசைவற்ற முகம் மேடை அனுபவத்தினின்றும் பெறப்பட்ட ஒரு தொழில் நுணுக்கமேயாகும்.

1917 இல், நியூ யோர்க் மேடை நிகழ்ச்சியொன்றில் நடிக்க ஒப்பந்தமாகியிருந்த வேளையில், கீற்றன் அந்நகரில் இயங்கிய படப்பிடிப்புக் கலையகமொன்றுக்குச் சென்றார். அக்காலத்தில் பெரும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரான றொஸ்கோ ஆர்பக்கிள் அங்கே 'தி புச்சர் போய்' என்னும் படத்தை ஆக்கிக்கொண்டிருந்தார். அன்றே கீற்றனும் அப்படத்தில் நடித்தார். மேடையில் வாரம் 250 டொலர் பெறவிருந்த தாம் 40 டொலருக்குப் படத்தொழிலிற் சேர்ந்ததாக அவர் பின்னர் கூறியிருக்கிறார். அவரைக் கவர்ந்தது கமரா என்னும் பொறி. அதன் உள்ளமைப்பை அறிய வேண்டுமென அவர் தொடக்கத்திலேயே ஆர்வங்கொண்டார். 1918 இல் படைக்குச் சேர்க்கப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட காலம் தவிர, 1920 வரையில் அவர் ஆர்பக்கிளுடன் பணியாற்றினார். நடிகர், துணைநெறியாளர், துணுக்குகளை ஆக்குபவர் ஆகிய மூன்று நிலைகளிலும் அவருக்கு அப்பயிற்சி வாய்த்தது.

3

ஆர்பக்கிளின் படங்களுக்கு முதலிட்டவர் ஜோசப் ஸ்கெங்க் என்னுந் தயாரிப்பாளர். ஆர்பக்கிள் வேறொரு பெரிய நிறுவனத்துக்குச் சென்றபோது, அவரிடமிருந்த அமைப்பினை ஸ்கெங்க் கீற்றனிடம் ஒப்படைத்தார். ஹொலிவூட்டில் முன்னர் சாப்ளின் பயன்படுத்திய கலையகமொன்று 'கீற்றன் கலையகம்' எனப் பெயர் மாற்றப்பட்டது. 1921 இல் கீற்றன் ஸ்கெங்கின் மனைவியான நோர்மா ரல்மட்ஜின் தங்கை நற்றலியை மணந்தார். முதலாளியும் கலைஞரும் இதனால் உறவினருமாயினர்.

இக்கலையகத்தின் உழைப்பு ஒழுங்கமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் கீற்றனின் சாதனைகளுக்கான திறவுகோல் இங்குதான் உள்ளது. எழுதி முடிக்கப்பட்ட திரைக்கதை அங்கு இருந்ததில்லை. கீற்றனும் கிளைட் பிரக்மன், ஜீன் ஹவேஸ் முதலிய எழுத்தாளரும் கூடியிருந்து, கதைக்குத் தொடக்கமொன்றையும் முடிவொன்றையும் தீர்மானிப்பர்; நடுப்பகுதி படப்பிடிப்பின்போது தானே உருவாகும். தொழில்நுட்பப் பொறுப்பாளரான பிரெட் கபூரி, கீற்றன் மனதிற் கண்ட பொறியமைப்புகளை மரத்திலும் இரும்பிலும் செய்து கொடுத்தார். எல்ஜின் லெஸ்லி கமராவை இயக்கினார். வேலையில் ஏதேனும் சிக்கல் தோன்றித் தீர்வு புலப்படாதுவிடின், குழுவினர் அனைவரும் பேஸ்போல் விளையாடச் செல்வர். விளையாட்டின் நடுவில் எவருக்கேனும் யோசனை தோன்றினால் திரும்பிவந்து படப்பிடிப்பைத் தொடர்வர். ஒரு காட்சி சரிவரவில்லையெனில் அதனைக் கைவிடவும் மீண்டும் எடுக்கவும் அவர்களுக்கு நேரமிருந்தது.

1921 இல் வெளியான 'தி பிளேஹவுஸ்' என்னுங் குறும்படம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் தொடக்கத்தில் நாடக அரங்கொன்றின் நடிகர், வாத்தியக்காரர், பார்வையாளர் அனைவராகவும் கீற்றனே தோன்றுகிறார். ஒரே சட்டத்தில் ஒன்பது கீற்றன்கள் நின்று ஆடுங் காட்சியும் உண்டு. படச்சுருளை மீண்டும் மீண்டும் பின்னோக்கிச் சுற்றி, வில்லையின் ஒரு பகுதியை மட்டும் ஒவ்வொரு தடவையும் திறந்து எடுக்கப்பட்ட காட்சி அது. கமரா கையாற் சுழற்றப்பட்ட காலமாதலால், லெஸ்லியின் கை ஒன்பது முறையும் ஒரே வேகத்தில் இயங்க வேண்டியிருந்தது. 'எல்லாவற்றையுஞ் செய்தவன் நானே' என்று தம்பட்டமடிக்கும் திரையுலகப் பெருந்தலைகளைக் கேலிசெய்வதே அக்காட்சியின் நோக்கம். ஆனால் அக்கேலியைச் சாத்தியமாக்கியது பல கைகளின் கூட்டுழைப்பு. கீற்றனின் மேதைமையைப் பற்றிப் பேசுவோர் இக்கூட்டுழைப்பினை மறத்தலாகாது.

எனினும் இக்கலையகம் தொழிலாளரின் கூட்டுடைமையாக இருந்ததில்லை. படங்களை ஆக்கிய நிறுவனம் கீற்றனின் பெயரைத் தாங்கியிருந்த போதிலும், அதன் பங்குகளுள் ஒன்றுகூட அவருக்குச் சொந்தமாயிருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தவை வாரச் சம்பளமும் இலாபத்தில் ஒரு பகுதியுமேயாம். பங்குகள் ஸ்கெங்கிடமும் அவரைச் சார்ந்த முதலீட்டாளரிடமும் இருந்தன. இவ்விடத்தில் மார்க்ஸ் செய்துள்ள ஒரு வேறுபடுத்தல் நமக்குப் பயன்படும். மூலதனம் உழைப்பைத் தனக்குக் கீழ்ப்படுத்தும் இரண்டு கட்டங்களை அவர் குறிப்பிடுகிறார். முதற்கட்டத்தில் உடைமையும் இலாபமும் முதலாளியிடம் செல்கின்றன. ஆயின் வேலைசெய்யும் முறை, அதற்குரிய அறிவு, அதன் வேகம் ஆகியன பழைய கைவினைஞனிடமே தங்கியுள்ளன. இதனை வடிவரீதியான கீழ்ப்படுத்தல் என்பர். இரண்டாங் கட்டத்தில் வேலைமுறையே மூலதனத்தின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்படுகின்றது. திட்டமிடல் ஒருவரிடமும் செயற்படுத்தல் இன்னொருவரிடமுமாகப் பிரிகின்றது. இது மெய்யான கீழ்ப்படுத்தலாகும். 1920 முதல் 1928 வரை கீற்றன் முதற் கட்டத்தில் வாழ்ந்தார். ஸ்கெங்க் பெரும்பாலும் வேலையில் தலையிடாதிருந்தமையால், தாம் பிறருக்காக உழைப்பவர் என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலும்.

4

இத்தகைய உற்பத்தி நிலைமையிற் பிறந்த படங்கள் எதைப் பொருளாகக் கொண்டன? மனிதனுக்கும் பொறிகளுக்குமுள்ள உறவே அவற்றின் மையப்பொருள் எனலாம். புகையிரதம், கப்பல், வீடு, கமரா, படங்காட்டும் இயந்திரம் ஆகியன கீற்றனின் படங்களில் பாத்திரங்களுக்கு நிகரான இடத்தைப் பெறுகின்றன.

1920 இல் வெளிவந்த 'வன் வீக்' (ஒரு வாரம்) என்ற குறும்படத்தில், புதுமணத் தம்பதியர்க்குப் பகுதி பகுதியாகப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட வீடொன்று பரிசாகக் கிடைக்கிறது. பொறாமை கொண்டவனொருவன் பெட்டிகளின் இலக்கங்களை மாற்றிவிடுகிறான். இலக்கங்களை நம்பிக் கட்டிய வீடு கோணலும் மாணலுமாக எழுகிறது; காற்றிற் சுழல்கிறது; ஈற்றில் அது தவறான காணியில் நிற்பதாகவும் அறிய வருகின்றது. அதனை இழுத்துச் செல்லும்போது புகையிரதப் பாதையில் அகப்பட்டுக் கொள்கிறது. எதிர்பார்த்த புகையிரதம் பக்கத்துப் பாதையாற் சென்றுவிட, எதிர்த்திசையில் வந்த இன்னொன்று வீட்டைத் தகர்த்தெறிகிறது. கணவன் இடிபாட்டின் மீது 'விற்பனைக்கு' என்ற பலகையை வைத்து, கட்டும் முறை பற்றிய குறிப்புகளையும் அதனுடன் இணைத்துவிட்டு, மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு நடக்கிறான். பேருற்பத்திப் பண்டமாகிவிட்ட வீடு பற்றி இருபது நிமிடங்களில் சொல்லக்கூடியதனைத்தும் அதிற் சொல்லப்பட்டுவிட்டது.

1922 இல் வெளிவந்த 'கொப்ஸ்' (பொலிஸார்) இன்னொரு வகையில் முக்கியமானது. பொலிஸ் அணிவகுப்பின் நடுவே, தன் குதிரைவண்டியுடன் தற்செயலாகப் புகுந்துவிடுகிறான் கதைநாயகன். கூரையிலிருந்து அராஜகவாதியொருவன் எறிந்த குண்டு அவனருகே விழுகிறது. அதன் திரியிற் சிகரெற் பற்றவைத்துக்கொண்டு குண்டை அப்பால் வீசுகிறான். அது வெடிக்க, நகரின் பொலிஸ் படை முழுவதும் அவனைத் துரத்துகிறது. 1919–1920 காலப்பகுதியில் அமெரிக்காவில் இடதுசாரிகள் மீது நடத்தப்பட்ட வேட்டை ஓய்ந்து அதிக காலமாகியிராத வேளையில் எடுக்கப்பட்ட படம் இது. தான் செய்யாத குற்றத்துக்காக அரசின் வலிமை முழுவதையும் எதிர்கொள்ளும் தனியனின் கோலம் அக்காலச் சூழலில் வெறும் வேடிக்கையாக மட்டும் தோன்றியிருக்க முடியாது. கீற்றன் இதனை அரசியல் நோக்குடன் செய்தார் என்று கொள்வதற்குச் சான்றில்லை. ஆயினும் காலத்தின் அச்சம் படத்திற் பதிந்துள்ளது.

1924 இல் வெளிவந்த 'தி நவிகேற்றர்' படத்துக்காகப் பயன்படுத்தப்பட்ட பியூபோர்ட் என்ற கப்பலின் வரலாறு இதனோடு தொடர்புடையது. எம்மா கோல்ட்மன், அலெக்சாண்டர் பேர்க்மன் உள்ளிட்ட 249 பேரை 1919 டிசம்பரில் அமெரிக்க அரசு நாடுகடத்தி சோவியத் ருஷ்யாவை நோக்கி அனுப்பிய கப்பல் அது. ஐந்து ஆண்டுகள் கழிந்ததும் அதே கப்பலைப் பழைய இரும்பாக்குமுன் கீற்றன் குழுவினர் வாடகைக்குப் பெற்றனர். கதையில், தமக்கென ஒரு வேலையும் செய்தறியாத செல்வர் வீட்டு இளைஞனும் யுவதியும் ஆளற்ற அக்கப்பலில் கடலில் மிதக்கின்றனர். நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைப்பதற்கான பாத்திரங்களில் இரண்டு முட்டைகளை அவிக்க முடியாது அவர்கள் படும்பாடு நகைப்புக்குரியது. ஆனால் சில வாரங்களில், கயிறுகளையும் கப்பிகளையும் கொண்டு அச்சமையலறையைத் தமக்கேற்ற பொறியமைப்பாக மாற்றிவிடுகின்றனர். உழைப்பினின்றும் அந்நியப்பட்டவர், தேவையின் நிமித்தம் உழைப்பைக் கற்று, அதனாலேயே மனிதராகும் கதையாக இதனை வாசிக்கலாம்.

மனிதன் இயந்திரம்போல நடந்துகொள்வதிலிருந்தே நகைச்சுவை பிறக்கின்றது என்று 1900 இல் பெர்க்சன் தமது நூலில் வாதிட்டார். சாப்ளினின் 'மொடேர்ன் ரைம்ஸ்' (1936) படத்துக்கு அக்கொள்கை ஓரளவு பொருந்தும். தொழிற்சாலையின் வேகம் உடலிற் புகுந்து, ஆலையை விட்டு வெளியே வந்த பின்னரும் முறுக்காணியைத் திருகுவதுபோல் கைகள் துடிக்கும் காட்சியை நினைவுகூரலாம். கீற்றனின் நிலை வேறானது. அவர் பொறியின் விதியைக் கற்று, அதனோடு ஒத்தியங்கி, அதனை வெல்கிறார். 1928 இல் வெளிவந்த 'ஸ்ரீம்போற் பில், ஜூனியர்' படத்தில், ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுள்ள வீட்டு முகப்பு அப்படியே அவர் மீது சாய்கிறது. திறந்திருந்த சாளரம் அவரைத் தாண்டிச் செல்கிறது. தோளுக்கும் சாளர விளிம்புக்கும் இடையே சில அங்குலங்களே இருந்தன. அளவு பிழைத்திருந்தால் உயிர் பிழைத்திராது. நகைச்சுவை இங்கு கணிதத்தின் துல்லியத்தினின்றும் எழுகிறது.

5

இப்படங்களின் சிகரமாக இன்று பலராலும் கருதப்படுவது 'தி ஜெனரல்'. 1926 இல் ஒறிகன் மாநிலத்துக் கொற்றேஜ் குரோவ் பகுதியில் எடுக்கப்பட்டு 1927 தொடக்கத்தில் அமெரிக்காவெங்கும் வெளியிடப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 இல் வடபகுதி ஒற்றர் சிலர் தென்பகுதியிற் புகுந்து புகையிரத இயந்திரமொன்றைக் கவர்ந்து சென்ற உண்மைச் சம்பவமே அதன் மூலம்.

கதைநாயகன் ஜோனி கிறே ஒரு புகையிரத ஓட்டுநர். போர் தொடங்கியதும் படையிற் சேர முயல்கிறான். ஓட்டுநனாக இருப்பதே தென்பகுதிக்கு அதிக பயனுடையதென அதிகாரிகள் அவனை ஏற்க மறுக்கின்றனர். ஆயின் அக்காரணத்தை அவனிடம் எவருங் கூறவில்லை. அவனைக் கோழையென எண்ணி அவன் காதலி ஒதுக்குகிறாள். அவன் சோர்ந்து இயந்திரத்தின் சில்லுகளை இணைக்கும் தண்டின்மீது அமர்ந்திருக்க, இயந்திரம் மெல்ல நகர்ந்து அவனை மேலுங் கீழுமாகச் சுமந்து செல்லுங் காட்சி திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. தன் உழைப்பின் சமூகப் பெறுமதியை அறியாத தொழிலாளி, அவ்வறியாமையினால் துன்புறுவது அக்காட்சியின் பொருளாகும். இன்னோரிடத்தில், இயந்திரத்துக்காக விறகு வெட்டுவதில் மூழ்கியிருக்கும் ஜோனியின் பின்னால் தென்பகுதிப் படை பின்வாங்கிச் செல்கிறது. அதன்பின் வடபகுதிப் படை முன்னேறுகிறது. அவன் தலைநிமிரவில்லை. வரலாறு முதுகுக்குப் பின்னால் நடந்து கொண்டிருக்க, உழைப்பவன் தன் கைவேலையோடு நிற்கிறான். எரியும் பாலத்தின் மீது உண்மையான புகையிரத இயந்திரமொன்று ஆற்றினுள் வீழ்ந்த காட்சிக்கு மட்டும் 42,000 டொலர் செலவானதாகக் கூறப்படுகிறது.

ஆயினும் இப்படத்தின் கருத்தியல் வரையறைகளை மூடிமறைப்பதற்கில்லை. மூலக்கதை வடபகுதியினரின் பார்வையில் எழுதப்பட்டது. கீற்றன் அதனைத் தென்பகுதியினரின் பக்கத்துக்கு மாற்றினார். தோல்வியுற்றவரைப் பகைவராக்கினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் கூறிய நியாயம். அடிமைமுறையைக் காப்பதற்காக நிகழ்ந்த போரொன்றில், அடிமைகளே ஏறக்குறையக் காணப்படாத தென்பகுதியை அவர் காட்டினார். இது தனியொருவரின் தவறு மட்டுமன்று. தோல்வியுற்ற அடிமை உடைமையாளரைக் கண்ணியமிக்க வீரராகச் சித்திரித்த கதையாடல் அக்கால அமெரிக்க வெகுசனப் பண்பாட்டில் வேரூன்றியிருந்தது. 1915 இல் கிறிபித் எடுத்த 'தி பேர்த் ஒவ் எ நேஷன்' அதன் கொடிய வெளிப்பாடாகும். கீற்றனின் வேறு படங்கள் சிலவற்றிலும் கறுப்பின மக்களை இழிவுசெய்யும் நகைச்சுவைகள் உண்டு. வோடவில் மேடை அவருக்கு வழங்கிய மரபில் கைவினைத் திறனோடு இனவெறியும் சேர்ந்தேயிருந்தது.

வேறொரு வரையறையும் நோக்கத்தக்கது. கீற்றனின் படங்களில் இயந்திரங்கள் உண்டு; ஆனால் அவற்றின் உடைமையாளர் பெரும்பாலும் இல்லை. கப்பலும் புகையிரதமும் புயலும் வெள்ளமும் ஒரே தன்மையனவாக, மனிதன் கற்று வெல்லவேண்டிய இயற்கைச் சக்திகளாகத் தோன்றுகின்றன. உற்பத்திச் சக்திகள் அவரது கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு உற்பத்தி உறவுகள் தெரியவில்லை. சாப்ளினின் ஆலையில் முதலாளி திரையொன்றிற் தோன்றி வேகத்தைக் கூட்டும்படி கட்டளையிடுகிறான். கீற்றனின் உலகில் அத்தகைய முதலாளிக்கு இடமில்லை. தமது கலையகத்தின் உண்மையான உடைமையாளர் யார் என்பதையும் அவர் அவ்வாறே கவனியாது விட்டார்.

6

'தி ஜெனரல்' பெருஞ்செலவில் ஆக்கப்பட்டது. ஆனால் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. விமரிசகர் பலரும் அதனை அன்று வரவேற்கவில்லை. இதன்பின் செலவுகளைக் கண்காணிக்கும் நிர்வாகத் தரப்பினரின் தலையீடு அதிகரித்தது. 'ஸ்ரீம்போற் பில், ஜூனியர்' படத்தின் உச்சக்காட்சி வெள்ளமாகவே திட்டமிடப்பட்டிருந்தது. 1927 இல் மிசிசிப்பி நதி பெருக்கெடுத்துப் பேரழிவு நேர்ந்ததனால், அது மக்களைப் புண்படுத்தும் எனக் கூறி மாற்றுவிக்கப்பட்டது. வெள்ளத்துக்கென அமைத்த பெருங்காட்சியமைப்பு சூறாவளிக்கேற்ப மீண்டும் அமைக்கப்பட்டது.

1928 இல் ஸ்கெங்க் கலையகத்தைக் கைவிட்டார். அவரது சகோதரர் நிக்கலஸ் ஸ்கெங்க் தலைமைதாங்கிய குழுமத்துக்குச் சொந்தமான மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்குக் கீற்றன் மாற்றப்பட்டார். வாரம் 3,000 டொலர் சம்பளம். சாப்ளினும் ஹரோல்ட் லொயிட்டும் இதனை ஏற்கவேண்டாமென அவருக்கு எடுத்துரைத்தனர். அவ்விருவருக்கும் சொந்தத் தயாரிப்பு அமைப்புகள் இருந்தன. சாப்ளின் 1918 இலேயே தமக்கெனக் கலையகத்தைக் கட்டி, 1919 இல் வேறு மூவருடன் சேர்ந்து விநியோக நிறுவனமொன்றையும் தொடங்கியிருந்தார். கீற்றனிடம் விற்பதற்கு அவரது உழைப்புச் சக்தியைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அதனால் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். அதனைத் தம் வாழ்வின் மிகப் பெருந் தவறென அவர் பின்னாளிற் கூறினார்.

மெற்றோ நிறுவனம் அக்காலத்தில் திரைப்பட உற்பத்தியை ஆலை முறைக்கு மாற்றுவதில் முன்னணியில் நின்றது. உற்பத்திப் பொறுப்பாளர் ஏர்விங் தல்பேர்க். அங்கு திரைக்கதை முதலில் எழுதப்பட்டு அங்கீகரிக்கப்பட வேண்டும். வரவுசெலவு அதனையொட்டிக் கணிக்கப்படும். ஒவ்வொரு நாளுக்குமான காட்சிகள் முன்கூட்டியே பட்டியலிடப்படும். நடிகர் நடிப்பார்; எழுத்தாளர் எழுதுவார்; இருவரும் சந்திக்க வேண்டிய தேவையில்லை. திட்டமிடலும் செயற்படுத்தலும் பிரிந்த மெய்யான கீழ்ப்படுத்தல் இதுவேயாம். தமக்கெனச் சிறுகுழுவொன்றை வைத்துத் தனியே பணியாற்ற அனுமதிக்குமாறு கீற்றன் வேண்டினார்; அது மறுக்கப்பட்டது.

அங்கு அவர் நடித்த முதற்படமான 'தி கமராமன்' (1928) இம்மாற்றத்தின் நடுவில் நிற்கிறது. கதையை எழுதுவதற்கு இருபதுக்கு மேற்பட்டோர் அமர்த்தப்பட்டதாக அவர் நினைவுகூர்ந்துள்ளார். நியூ யோர்க் வீதிகளில் படமெடுக்கச் சென்றபோது கூட்டம் சூழ்ந்து வேலையைக் குழப்பியது. அச்சிக்கலைப் பயன்படுத்தி, எழுதப்பட்ட கதையின் பெரும்பகுதியை நீக்குவதற்கு அவர் சம்மதம் பெற்றார். ஆளில்லாத பேஸ்போல் மைதானத்தில் பந்தும் மட்டையுமின்றி, எதிராளிகளையும் தாமே கற்பித்துக்கொண்டு தனியே விளையாடும் காட்சி பழைய முறையில் உருவானது. அவரது பழைய குழு படிப்படியாகக் கலைந்தது. அடுத்த படமான 'ஸ்பைற் மரேஜ்' (1929) முடிந்ததன்பின் அத்தகைய காட்சிகள் அரிதாயின.

7

இனி, பேசும் படமே அவரை வீழ்த்தியது என்னும் வாதத்தைப் பரிசீலிக்கலாம். உண்மைகள் இதற்கு இடந்தரவில்லை. 'ஸ்பைற் மரேஜ்' படத்தை ஒலியுடன் எடுக்க விரும்பியவர் கீற்றன், மறுத்தது நிறுவனம். ஒலியை அவர் புதியதொரு பொறியாகவே கண்டார். உரையாடலைத் தேவையான அளவுக்கு மட்டும் பயன்படுத்தி, ஏனைய இடங்களில் ஓசைகளுடன் கூடிய செயலைத் தொடரலாம் என்பது அவரது எண்ணம். மேடையில் வளர்ந்த அவருக்குக் குரல் ஒரு தடையாக இருந்ததில்லை. மேலும், 1930 க்கும் 1933 க்கும் இடையில் வந்த அவரது பேசும் படங்கள் பல நல்ல இலாபத்தை ஈட்டின. ஸ்பானிய, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் சில படங்கள் தனித்தனியே எடுக்கப்பட்டன. அவற்றின் வசனங்களைக் கீற்றன் காதாற் கேட்டுப் பாடஞ்செய்து பேசினார்.

இங்கு வெளிப்படும் முரண்பாடு கருத்தூன்றி நோக்கற்பாலது. பண்டம் என்ற வகையில் வெற்றியடைந்த படங்களே கலை என்ற வகையில் அவரை அழித்தன. தம் பாத்திரத்தின் அறிவும் செயல்திறனும் அப்படங்களிற் பறிக்கப்பட்டதை அவர் உணர்ந்தார். பொறியைக் கற்று வெல்லும் மனிதனுக்குப் பதிலாக, எதையும் புரிந்துகொள்ளாத அசடன் ஒருவன் திரையில் நடமாடினான். 'வட்! நோ பியர்?' (1933) போன்ற படங்களில் ஜிமி டுராண்டேயின் இடைவிடாத பேச்சுக்கு அருகில் கீற்றன் துணைப்பொருளாக நிற்கிறார். குடி இக்காலத்திலேயே கட்டுமீறியது. 1932 இல் மணவாழ்வு முறிந்தது. இல்லம் கைவிட்டுப் போயிற்று. 1933 இல் லூயி பி. மேயர் அவரை வேலையினின்றும் நீக்கினார். குடிப்பழக்கம் அவரது வீழ்ச்சியை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கால வரிசையை நோக்கின், வேலையின் மீதிருந்த ஆட்சியை அவர் இழந்தது முன்னும், குடி முற்றியது பின்னுமாகும்.

எதிர்வாதமொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். லொயிட் தம் படங்களுக்குத் தாமே உடைமையாளராயிருந்தும், பேசும் படக் காலத்தில் முன்னைய சிறப்பை எய்தவில்லை. எனவே உடைமை இருந்தால் கலை தானே வாழும் எனச் சூத்திரம் வகுத்தல் பொருந்தாது. முப்பதுகளின் பொருளாதார நெருக்கடியில், இருபதுகளின் நம்பிக்கைமிக்க இளைஞன் என்ற பாத்திரம் தன் சமுதாய அடித்தளத்தை இழந்தது. லொயிட்டின் சரிவுக்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் லொயிட் தம் விருப்பப்படி பரிசோதனை செய்து பார்த்துத் தோல்வியுறும் உரிமையையாவது கொண்டிருந்தார். சாப்ளின் 1931 இலும் 'சிற்றி லைற்ஸ்' என்ற படத்தை உரையாடலின்றி வெளியிட முடிந்தமைக்கும், அவர் தமக்குத் தாமே முதலாளியாயிருந்தமையே அடிப்படை. ஒலியின் சாத்தியங்கள் எவையென்று கண்டறியும் வாய்ப்பு கீற்றனுக்கு மட்டுமே வழங்கப்படவில்லை.

8

1934 க்கும் 1941 க்கும் இடையில் கீற்றன் இரு நிறுவனங்களுக்காக மலிவான குறும்படங்களில் நடித்தார். 1937 இல் மெற்றோ நிறுவனமே அவரை மீண்டும் வேலைக்கு அமர்த்தியது; முன்னர் வாரம் 3,000 டொலர் பெற்ற இடத்தில் இப்போது 100 டொலருக்குத் துணுக்குகள் புனையும் வேலை. மார்க்ஸ் சகோதரர், ரெட் ஸ்கெல்ற்றன் ஆகியோரின் படங்களுக்கு அவர் யோசனை வழங்கினார். பெயர் வெளிவராத உழைப்பு அது. 1940 இல் எலினர் நொறிஸ் என்பவரை மணந்தபின் அவரது வாழ்வு நிலைபெற்றது. 1947 இல் பாரிஸ் நகரின் மெட்றானோ சர்க்கஸில் தோன்றிப் பாராட்டுப் பெற்றார்.

1949 இல் ஜேம்ஸ் ஏஜீ 'லைஃப்' சஞ்சிகையில் மௌன நகைச்சுவை பற்றி எழுதிய கட்டுரை, மறக்கப்பட்டிருந்த அக்கலையின்பால் புதிய கவனத்தை ஈர்த்தது. 1952 இல் வந்த சாப்ளினின் 'லைம்லைற்' படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். கீற்றனின் பழைய இல்லத்தை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கு விடப்பட்டிருந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். ரேமண்ட் றோஹவர் என்ற விநியோகஸ்தர் ஐம்பதுகளில் இப்படங்களைத் தேடிச் சேர்த்தார். அதேவேளை அவற்றின் உரிமைகளுக்காக நெடிய வழக்குகளையும் நடத்தினார். கலை மீட்கப்பட்டபோதும் உடைமைப் பிரச்சினை அதனை விட்டகலவில்லை.

1964 இல் சாமுவேல் பெக்கற் எழுதிய 'பிலிம்' என்ற குறும்படத்தில் அவர் நடித்தார். இறுதிக் கணங்கள் வரையில் அவரது முகம் அதிற் காட்டப்படவில்லை. 1965 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவருக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு நெகிழ்ச்சிமிக்கதாயிருந்தது. 1966 பெப்ரவரி 1 ஆந் திகதி அவர் காலமானார். 1972 இலும் 1982 இலும் 'சைற் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை உலக விமரிசகரிடையே நடத்திய வாக்கெடுப்புகளில் 'தி ஜெனரல்' முதற் பத்துப் படங்களுள் இடம்பெற்றது. 1989 இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கப்பட்டபோது முதற்றெரிவிலேயே அது சேர்க்கப்பட்டது. 2015 முதல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத் திரைப்படக் காப்பகம் அவரது படங்களைச் செப்பனிடும் பணியை மேற்கொண்டது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். கீற்றனின் உயர்வுக்குத் தேவையாயிருந்தவை மேடை வழங்கிய கைவினைத் திறனும், கூட்டாக உழைத்த சிறு குழுவும், வேலையின் வேகத்தைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பும் ஆகும். இம்மூன்றும் முதலாளித்துவத் திரைத்தொழில் இன்னும் முதிர்ச்சியடையாத குறுகியதொரு காலப்பகுதியில் ஒன்றுசேர்ந்தன. தொழில் முதிர்ந்து ஆலையாக இறுகியபோது, குழு கலைந்தது. வேகத்தைப் பிறர் தீர்மானித்தனர். திறன் மட்டும் எஞ்சியது. அத்திறன் அழியவில்லை என்பதற்கு அவரது பிற்காலத் தோற்றங்களே சான்று. அது பயன்படுவதற்கான நிலைமைகளே அழிந்திருந்தன. கலைஞர் ஒருவரின் வீழ்ச்சி பற்றிப் பேசும்போது, அவர் எதை இழந்தார் என்று கேட்பதோடு, அதனை இழக்குமுன் அது யாருக்குச் சொந்தமாயிருந்தது என்றும் கேட்பது திறனாய்வாளர் கடன்.